அடக்க ஒடுக்கமான பெண்களுக்குச் சரித்திரத்தில் இடம் உண்டா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. படிக்கிறேன். “காலேஜில் படிக்கும் என் மகள் ஒரு காபி கோப்பை வாங்கி வந்திருக்கிறாள். ‘அடக்க ஒடுக்கமான பெண்கள் சரித்திரத்தில் இடம்பிடிப்பது அபூர்வம்’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ பெயரைப் போட்டிருக்கிறார்கள். வயசுப் பெண்ணைத் தறிகெட்டுப் போ என்று சொல்வது போல இருக்கிறதே, இதில் என்ன பெண்ணியம்?”

நியாயமான சந்தேகம் அம்மா. முதலில் அந்தப் பெயரைத் திருத்திவிடலாம். இதை மர்லின் மன்றோ சொல்லவில்லை. அமெரிக்க ஜனாதிபதியின் மனைவியாக இருந்த எலினார் ரூஸ்வெல்ட் பெயரிலும் சுற்றுகிறது, அவரும் சொல்லவில்லை. எழுதியவர் லாரல் தாட்சர் உல்ரிக் என்ற அமெரிக்க வரலாற்று ஆய்வாளர். 1976-இல் ஒரு ஆய்விதழில் வந்த கட்டுரையின் முதல் பத்தியிலேயே இந்த வரி இருக்கிறது. அப்போது அவர் ஐந்து பிள்ளைகளுக்குத் தாய், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

கட்டுரை எதைப் பற்றியது என்று பார்த்தால் உங்கள் பயம் பாதி போய்விடும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில், அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து பகுதியில், பக்தியுள்ள ஒரு பெண் இறந்தால் பாதிரியார் இரங்கல் பிரசங்கம் செய்வார். அதை அச்சிடுவதும் உண்டு. அந்தப் பழைய பிரசங்கங்களைத்தான் உல்ரிக் உட்கார்ந்து படித்தார். அதில் வரும் பெண்கள் தனியாக ஜெபம் செய்தார்கள், வருஷத்துக்கு ஒரு முறையாவது பைபிளை முழுசாகப் படித்தார்கள், பனி கொட்டினாலும் கோயிலுக்குப் போனார்கள். எதிர்த்துப் பேசவில்லை, தங்களை உலகம் நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. கேட்காததால் உலகமும் மறந்துவிட்டது. சரித்திரப் புத்தகத்தில் யார் இருக்கிறார்கள்? பாதிரியார்களோடு வாதாடி 1638-இல் அதே பகுதியில் உள்ள மாசசூசெட்ஸை விட்டே துரத்தப்பட்ட ஆன் ஹட்சின்சன் இருக்கிறார். 1692-இல் அதே மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் (நம்ம ஊர் சேலம் இல்லை) சூனியக்காரி என்று தூக்கில் போடப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். வழக்கு நடந்தது, கோர்ட் ஏடுகளில் பெயர் ஏறியது, அதனால் தெரியும். நல்லவளாக வாழ்ந்து செத்தவளுக்கு ஏது ஏடு?

ஆக, அந்த நையாண்டி சரித்திரம் எழுதியவர்களைப் பார்த்துச் செய்தது. மன்னன், போர், கலகம், விசாரணை இவற்றை மட்டும் எழுதினால் வீட்டையும் ஊரையும் நடத்தியவள் எங்கே வருவாள் என்று கேட்கிறார். அடங்கி இருந்தவளையும் தேடுங்கள் என்கிறார். நீங்கள் பயந்ததற்கு நேர் எதிர்.

அப்புறம் எப்படிக் கோப்பைக்கு வந்தது? 1995-இல் ஒரு பத்திரிகையாளர் தன் புத்தகத்தின் முகப்பில் அந்த வரியைப் போட்டார். அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு இளம்பெண் டீஷர்ட்டில் அச்சிட அனுமதி கேட்டார், உல்ரிக்கும் கொடுத்தார். பிறகு அது கைமீறிப் போய்விட்டது.

உல்ரிக் அந்த வரியோடு நின்றுவிடவில்லை. எனக்கு அவர்மேல் இவ்வளவு மரியாதை வரக் காரணமே அடுத்து அவர் செய்த வேலைதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றங்கரையில் ஹாலோவெல் என்ற ஊரில் மார்த்தா பல்லார்ட் என்று ஒரு மருத்துவச்சி இருந்தார். 1785 முதல் 1812-இல் சாகும் வரை, 27 வருஷம் நாட்குறிப்பு எழுதினார். தறி நெய்தது, தோட்டத்தில் விதை போட்டது, யாருக்கு வலி கண்டது என்று ஒன்றிரண்டு வரிதான். 816 பிரசவங்கள் அதில் இருக்கின்றன. பிரசவ நேரத்தில் ஒரு தாயைக்கூட அவர் இழக்கவில்லை.

1789 ஏப்ரலில் ஒரு நாளைக் கேளுங்கள். மார்த்தாவுக்கு 54 வயது. ஹீவின்ஸ் என்பவர் வீட்டில் பிரசவம், ஆள் வந்து அழைக்கிறது. ஆற்றில் அலை அடிக்கிறது, படகில் கடக்கிறார். வழியில் ஒரு ஓடை, மிதக்கிற மரக்கட்டைகள்மேல் கால் வைத்துத் தாண்டுகிறார். குதிரையில் போகும்போது கண்ணெதிரே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்கிறது, குதிரை மிரண்டு பின்வாங்குகிறது. அடுத்த ஓடையில் பாலமே இல்லை, அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் தண்ணீரில் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து அக்கரை சேர்க்கிறார். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, ராத்திரி பத்து மணிக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது என்று எழுதி முடிக்கிறார்.

அந்த ஊர்ப் பகுதியின் வரலாற்றை 1870-இல் எழுதியவர் இந்த நாட்குறிப்பைப் பார்த்தார். பெரும்பாலும் பொதுவாக யாருக்கும் ஆர்வம் தராது என்று எழுதிவிட்டார். அதைப் பத்திரமாக வைத்திருந்தது குடும்பத்துப் பெண்கள். கடைசியில், மார்த்தாவின் வம்சாவளியில் வந்த, டாக்டருக்குப் படித்த ஒரு பெண் அதை மாநில நூலகத்துக்குக் கொடுத்தார். உல்ரிக் அதை வைத்து 1990-இல் எழுதிய ‘ஒரு மருத்துவச்சியின் கதை’ மறு வருஷமே அமெரிக்காவின் பெரிய எழுத்துப் பரிசான புலிட்சர் பரிசு வாங்கியது. மார்த்தா கலகக்காரி கிடையாது. கோயிலுக்குப் போனவர், குடும்பம் நடத்தியவர், அடக்கமானவர்தான்.

சிரிப்பாகச் சொன்னால் விஷயத்தின் கனம் குறையாதா என்று இன்னொரு நேயரும் இதோடு சேர்த்துக் கேட்டிருக்கிறார். என் அபிப்பிராயம், அந்தக் கட்டுரையை ஆய்வாளர்கள் மட்டும்தான் படித்திருப்பார்கள். அந்த ஒரு வரியில் சிரிப்பு இருந்ததால்தான் இன்று உங்கள் வீட்டுக் காபி கோப்பை வரைக்கும் வந்து, நீங்களும் கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

மார்த்தாவின் கையெழுத்துப் பக்கங்கள் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன அம்மா. மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, 1789 ஏப்ரல் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.