கொல்லைக்கு வருஷப் பிறப்பு புரட்டாசி

நேயர்களுக்கு வணக்கம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். நல்ல சொலவடைதான். ஆனால் அதை முதலில் சொன்னவர் மண்டபத்திலோ ஏர்வாடியிலோ குடியிருந்திருக்க மாட்டார். நம் ராமநாதபுரம் கரையில் ஆடி என்றால் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. மணலை வாரிக் கண்ணில் போடும். கிணற்றுத் தண்ணீரும் அப்போது நன்றாகவே கரிக்கும். அந்த நேரத்தில் முளைத்த வெண்டைக் கன்று இலை கிழிந்து, ஓரம் கருகி, வளரவும் வளராமல் சாகவும் சாகாமல் நிற்கும். நமக்கு ஆண்டுக்குக் கிடைக்கிற மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வாடைக்காற்றோடு வருவது. அதனால் நம் கொல்லைக்கு வருஷப் பிறப்பு சித்திரையும் இல்லை, ஆடியும் இல்லை, புரட்டாசி. புரட்டாசியில் நாற்று விட்டு, ஐப்பசி மழையில் நட்டு, தையிலிருந்து பறிப்பதுதான் இங்கே நடக்கிற காரியம். நம் குண்டு மிளகாயை மானாவாரியில் போடுகிற சம்சாரிகள் காலங்காலமாக இந்தக் கணக்கில்தான் போகிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது.

வீட்டுத் தோட்டம் என்றதும் மண் கலவையில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, எரு ஒரு பங்கு என்று. நான் தண்ணீரில் ஆரம்பிக்கிறேன். மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டலாம். எருவை விலைக்கு வாங்கலாம். ஊற்றுகிற தண்ணீர் உப்பென்றால், காசு கொடுத்துக் கொட்டிய செம்மண்ணும் கொஞ்ச காலத்தில் உப்புப் பூத்துவிடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் தண்ணீர் ஒரே தண்ணீர் இல்லை. குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் ஒன்று. கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ இன்னொன்று. மாடியிலிருந்து விழுகிற மழைத் தண்ணீர், குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், மீன் அலசிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர். ஆர்.ஓ. மிஷின் வைத்திருக்கிற வீட்டில் அது கழித்து வெளியே தள்ளுகிற தண்ணீர். ஏ.சி. இருந்தால் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர். ஒவ்வொன்றிலும் உப்பின் அளவு வேறு. பெரும்பாலான வீட்டில் இது எல்லாம் ஒரே வாய்க்காலில் போய் ஒரே குழியில் விழுகிறது. இதைப் பிரித்து, எந்தத் தண்ணீர் எங்கே விழுகிறதோ அதற்கேற்ற செடியை அதன் பக்கத்தில் வைத்தால் கொல்லையில் பாதி வேலை முடிந்தது.

ஆர்.ஓ. கழிவிலிருந்து தொடங்குகிறேன். ‘இவ்வளவு தண்ணீர் வீணாகிறதே’ என்று மனசு கேட்காமல் அதைப் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறார்கள். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவலாம், கக்கூஸுக்கு ஊற்றலாம், செடிக்கு வேண்டாம். ஏ.சி. தண்ணீர் இதற்கு நேர்மாறு, உப்பே இல்லாதது. நாற்றுத் தட்டுக்கு அதைவிட நல்ல தண்ணீர் நம் ஊரில் விலைக்கும் கிடைக்காது. துவைத்த தண்ணீரில் சோடா இருக்கிறது, அது மண்ணை இறுக்கிவிடும். குளித்த தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகலாம்; கீரைப் பாத்திக்குப் போகக் கூடாது. அரிசி களைந்த தண்ணீரையும் மீன் அலசிய தண்ணீரையும் முருங்கைக்கும் தென்னைக்கும் ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு, அதை விட வேண்டாம். ஆனால் கருவாடு ஊறவைத்த தண்ணீர் எந்தச் செடிக்கும் ஆகாது.

கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராமேசுவரம் தீவிலும் உச்சிப்புளிப் பக்கத்து மணல்மேடுகளிலும் கையால் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது, நானூறு அடி தள்ளி ஆழமாகப் போர் போட்டவர் வீட்டில் வாயில் வைக்க முடியவில்லை. காரணம் எளிது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கடல் தண்ணீரைவிட எடை குறைவாக இருப்பதால், மோரில் வெண்ணெய் மிதக்கிறதே அதுபோல உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை அது இருக்கும் என்பது நீரியலில் ஒரு கணக்கு. அப்படியானால் மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே கொல்லைத் தோட்டத்துக்கென்று புதிதாகப் போர் போடுகிறவரைக் கண்டால் எனக்கு வருத்தம்தான். ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் என்பது மேட்டு நாட்டுக் கணக்கு. நமக்கு உறைக்கிணறு, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது, மாடி மழையை அந்தப் பக்கமே மணலில் இறக்கிவிடுவது, இதுதான் வழி.

மாடி மழைக்குக் கணக்குச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் தளத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 500 சதுர அடி மாடி என்பது 46 சதுர மீட்டர். வாடை மழை 500 மில்லிமீட்டர் பெய்தால் 23,000 லிட்டர். சிதறியதும் ஆவியானதும் போக 18,000 லிட்டராவது கைக்கு வரும். அவ்வளவையும் தொட்டியில் பிடிக்க முடியாது, தேவையும் இல்லை. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று போதும்; மிச்சம் கிணற்றோரம் இறங்கட்டும். முதல் இரண்டு மழையைப் பிடிக்காதீர்கள். கோடை முழுக்கக் கடல்காற்று கொண்டுவந்து மாடியில் படியவைத்த உப்பு அதில் கரைந்து வரும்.

இனிச் செடிகள். உங்கள் கிணற்றுத் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில், அதாவது கரைந்திருக்கிற மொத்த உப்பைக் காட்டுகிற கருவியில் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு பாசனத் தண்ணீருக்கு ஓர் அளவு சொல்கிறது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 450 முதல் 2,000 வரை பார்த்துப் பயிர் செய்ய வேண்டும், 2,000-க்கு மேலே கடினம். நம் கரையில் பல வீடுகள் நடுவில் உள்ள வகை. அந்தத் தண்ணீரில் பீன்ஸ், கேரட், வெங்காயம் வைத்தால் மனசுதான் கெடும். இவை மூன்றும் உப்புக்குச் சீக்கிரம் மடங்குபவை. எலுமிச்சையும் அப்படித்தான். ‘மதினி, நானும் வருஷக்கணக்கா ஊத்துறேன், எலுமிச்சை மட்டும் ஏன் இப்படி உதிர்க்குது?’ என்று கேட்கிறவர்களிடம் நான் செடியைப் பார்ப்பதில்லை, எந்த வாளியில் ஊற்றுகிறார்கள் என்று கேட்கிறேன். எலுமிச்சை வேண்டுமென்றால் மழைத் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மாறாக, கொத்தவரை. இந்த ஒரு செடிக்கு நம் ஊரில் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் கட்சி. காய்கறிகளில் உப்பை இவ்வளவு தாங்குவது அபூர்வம். வறட்சியும் தாங்கும், காற்றுக்கும் சாயாது, வேரில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணுக்கும் நல்லது செய்யும். அளவுக்கு மீறிக் காய்த்தால் மோரில் ஊறவைத்து வத்தல் போட்டுவிடலாம், அதற்கு நம் வெயில் இருக்கிறது. அடுத்தது தட்டைப்பயறு. அப்புறம் பீட்ரூட், கடலோரம்தான் அதன் மூதாதைச் செடியே வளர்ந்தது, கொஞ்சம் உப்பை அது பொருட்படுத்தாது. தக்காளி, கத்தரி நடுத்தரம்: மழைத் தண்ணீரில் வேர் பிடிக்கவைத்து, பிறகு கிணற்றுத் தண்ணீருக்குப் பழக்கினால் வரும். மிளகாயும் உப்புக்கு அவ்வளவு உறுதியானது இல்லை. மானாவாரியில் மழையை நம்பிப் போடுவதால்தான் தப்பிக்கிறது. மரம் என்றால் சப்போட்டா, மாதுளை, இலந்தை, கொடுக்காப்புளி. முருங்கை சொல்லாமலே வளரும், ஆனால் ஒரு மீட்டர் உயரத்தில் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளாமல் விட்டால் காற்று முறித்துப் போடும், அதுவும் காய் பிடித்த பிறகு.

உப்புத் தண்ணீரை ஊற்றுவதிலும் முறை இருக்கிறது. தினமும் ஒரு சொம்பு தெளிப்பதுதான் மிகக் கெட்ட பழக்கம். தண்ணீர் ஆவியாகி, உப்பு மேல்மண்ணிலேயே நிற்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, வேருக்குக் கீழே உப்பை இறக்குகிற அளவுக்கு ஆழமாக ஊற்றுங்கள். இலையில் படக் கூடாது. வாய்க்கால் எடுத்துப் பாத்தி கட்டினால் மேட்டின் உச்சியில் நடாதீர்கள், உப்பு அங்கேதான் ஏறி உட்காரும். மேட்டின் தோளில் நடுங்கள். மண்ணை வெறுமையாக விடாமல் பனையோலையோ சருகோ போட்டு மூடுங்கள். மானாமதுரைச் சட்டி பானைக்காரர்களிடம் சூளையில் வெந்த மண் கலயம் வாங்கி, கழுத்து மட்டும் தெரியப் புதைத்து, மழைத் தண்ணீரை நிரப்பி மூடிவைத்தால் சுற்றி நட்ட நாலு செடி தானே உறிஞ்சிக்கொள்ளும். வெளியூர் போகிறவர்களுக்கு மிகவும் வசதி.

நம் மணல் தண்ணீரை நிறுத்தாது. அதற்குக் குழிக்கு அடியில் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன்மேல் மண்ணும் எருவும் போடுங்கள். கண்மாய் வண்டல் அனுமதியோடு கிடைத்தால் இன்னும் நல்லது. தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்குகிறவர்கள் ஊறவைத்து இரண்டு தடவை அலசிய பிறகே கலக்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு. அடுப்புச் சாம்பலைக் கொல்லையில் கொட்டுகிற வழக்கத்தை மட்டும் இந்தக் கரையில் கைவிடச் சொல்கிறேன். கிளிஞ்சல் கலந்த நம் மணலில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். சாம்பல் அதைக் கூட்டும். கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். ஜிப்சம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கு, அதாவது சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணுக்கு. உப்பு மட்டும் ஏறிய வெறும் உவர் மண்ணுக்கு மருந்து நல்ல தண்ணீர்தான்.

காற்றுக்கு என்ன செய்வது? சுவர் எழுப்பினால் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். சுவரில் மோதிய காற்று மேலேறி, அந்தப் பக்கம் சுழன்று விழுந்து செடியைப் புரட்டும். பாதி காற்றை உள்ளே விடுகிற வேலிதான் சரி. தென்மேற்கில் பனைமட்டையோ ஓலைத்தட்டியோ கட்டி, அதை ஒட்டிக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கொம்பு, ஊன்றிவிடுங்கள்; தட்டி இற்றுப்போகும் நேரத்துக்குக் கிளுவை வேலியாகிவிடும். ஆடும் உள்ளே வராது. இடமிருந்தால் ஒரு பூவரசு. பந்தலை ஆள் உயரத்துக்குப் போடாமல் ஐந்தடியில் நிறுத்துங்கள், குனிந்து பறிப்பது சிரமம்தான், பந்தல் நிற்குமே. மேலே விரிக்கக் கம்பி வாங்க வேண்டாம். கிழிந்த நைலான் வலை கரையில் எத்தனை வீட்டில் மூலையில் கிடக்கிறது! பாகலும் பீர்க்கும் அதில் ஜோராக ஏறும். மீன் வந்த தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டால் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அளவான தொட்டி.

பூ இல்லாத கொல்லை எனக்குப் பிடிக்காது. அதற்கு நாம் தூரம் போக வேண்டாம், மல்லிகை நாற்றுக்குத் தங்கச்சிமடம் பேர்பெற்ற ஊர். மதுரைப் பக்கமே இங்கிருந்துதான் வாங்கிப் போகிறார்கள். மழை முடியும் தறுவாயில் கவாத்துச் செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், பங்குனியில் பூக்கத் தொடங்கும். உரத்துக்கு மீன் அமிலம் போதும்: மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி வைத்து ஒரு மாதம், வடித்து லிட்டருக்கு 5 மில்லி. கருப்பட்டி சேர்த்தாலும் தப்பில்லை. உப்புப் போட்ட மீன் கூடாது. பவளக்கல்லை அழகுக்காக எடுத்துவந்து பாத்தி ஓரம் அடுக்குகிற பழக்கம் யாருக்காவது இன்னும் இருந்தால், அது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்கு முன்னால் ஒரு தடவை கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் சோடியம் எவ்வளவு என்று காட்டாது. மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசி, கழுத்து வரை நிரப்பி, அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எங்கே கொடுப்பது, முடிவை எப்படிப் படிப்பது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம். பாட்டிலில் உங்கள் பேரும் ஊரும், கிணறா போரா என்பதும், எத்தனை அடி ஆழம் என்பதும் எழுதி ஒட்டுங்கள். நன்றி, வணக்கம்.