முகவாதம்: முதல் 72 மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொய்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியவில்லை. திடீரென வரும் இந்த முகவாதத்தில் பெரும்பாலானவை ‘பெல்ஸ் பால்சி’ வகையைச் சேர்ந்தவை. இதற்கு ஸ்டீராய்டு என்ற நல்ல மருந்து உண்டு. ஆனால் முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும்.

முதலில் மூளைப் பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். புருவத்தை உயர்த்தச் சொன்னால், முகவாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றியில் சுருக்கம் விழாது. மூளைப் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. இது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய வேறுபாடு. வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஏன் இந்த 72 மணி நேரக் கணக்கு? முக நரம்பு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு குறுகிய குழாய் வழியாக வருகிறது. அதன் மிகக் குறுகிய இடத்தின் அகலம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. உடலில் ஒடுங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் மறுபடி தலைதூக்குவதால் நரம்பு வீங்குகிறது என்று கருதப்படுகிறது. வீங்கிய நரம்பு எலும்புக்குள் விரிய இடமில்லாமல் நசுங்கி, தன் ரத்த ஓட்டத்தையே இழக்கிறது. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை வடியச் செய்கிறது. நரம்பிழைகள் அழிந்த பிறகு கொடுத்தால் அதே மாத்திரையால் பெரிய பயன் இருக்காது.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம், 10 நாள். அல்லது 5 நாள் 60 மில்லிகிராம், பிறகு தினமும் 10 மில்லிகிராம் குறைத்து மேலும் 5 நாள். 2007-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், 9 மாதத்தில் முழுமையாகத் தேறியவர்கள் பிரெட்னிசோலோன் எடுத்தவர்களில் 94 சதவீதம், எடுக்காதவர்களில் 82 சதவீதம். தானாகவே சரியாகிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்பது உண்மைதான். யாருக்குச் சரியாகாது என்று முதல் நாளிலேயே கணிக்க முடியாது என்பதால்தான் எல்லாப் பெரியவர்களுக்கும் தருகிறோம்.

சிகிச்சை கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்: 10 மில்லிகிராம் போன்ற குறைந்த அளவு, மூன்றே நாளில் நிறுத்திவிடுவது, வெறும் வைட்டமின் ஊசியோடு ஒரு வாரம் காத்திருப்பது. மாத்திரை தொடங்கிய பிறகும் முதல் இரண்டு மூன்று நாளில் முகம் இன்னும் தொய்யக்கூடும். அதை மருந்தின் தோல்வி என்று எண்ணி நிறுத்தாதீர்கள்.

மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். இரவில் போட்டால் தூக்கம் கெடும். இதோடு வலி மாத்திரைகளைத் தாமாகச் சேர்த்தால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரை எகிறும். அதற்காக ஸ்டீராய்டைத் தவிர்க்க வேண்டியதில்லை. அடிக்கடி சோதித்து, நீரிழிவு மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். காசநோய், கல்லீரல் அழற்சி, கண் அழுத்த நோய், கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வைரஸ் எதிர்ப்பு மாத்திரை மட்டும் எடுப்பதில் பலனில்லை. பாதிப்பு கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டோடு சேர்த்துத் தரலாம், கூடுதல் பயன் சிறிதளவே. ஆனால் காதிலோ வாயிலோ கொப்புளம், கடும் காதுவலி, தலைச்சுற்றல், செவிக்குறைவு இருந்தால் அது அக்கி வைரஸ் தாக்கிய ராம்சே ஹண்ட் நோய். அங்கே வைரஸ் எதிர்ப்பு மருந்து கட்டாயம். வலசைக்ளோவிர் என்றால் 1 கிராம் வீதம் தினமும் மூன்று வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும்.

குழந்தைகளின் கணக்கு வேறு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசோலோனால் ஒரு மாதத்தில் தெளிவான கூடுதல் பயன் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே தேறிவிடுகிறார்கள். குழந்தைநல மருத்துவரே முடிவெடுக்கட்டும்.

கண்ணைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முகம் தேறிய பிறகும் பார்வையில் குறை தங்கிவிட்டால் அது தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு. இமை மூடாததால் கருவிழி காய்ந்து புண்ணாகிறது. பகலில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடுங்கள். அடிக்கடி விடுவதால், பதப்படுத்தும் பொருள் கலக்காத சொட்டு நல்லது. வெளியே போனால் கண்ணாடி அணியுங்கள், மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படவேண்டாம். இரவில் கீழிமைக்குள் கண் களிம்பு இட்டு, மேலிமையை விரலால் இறக்கி, முழுவதும் மூடியதைப் பார்த்த பிறகே ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள். திறந்த கண்மேல் பஞ்சோ துணியோ வைத்துக் கட்டினால் அதுவே கருவிழியை உரசிக் கிழிக்கும். கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு தெரியத் தொடங்கும். மூன்று மாதமாகியும் தேறாவிட்டாலும், வாதம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடினாலும், இரண்டு பக்கமும் பாதித்தாலும், எம்ஆர்ஐ எடுத்து வேறு காரணம் தேட வேண்டும். சிலருக்கு நரம்பு வளரும்போது இழைகள் தடம் மாறி, சாப்பிடும்போது கண் மூடிக்கொள்ளும். அதற்குப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் கண்ணாடி முன் மெதுவான பயிற்சிகளும், தேவைப்பட்டால் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியும் உதவுகின்றன.