ஸ்பிரிங்கைக் கட்டுக்கம்பி போட்டு அமுக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. "அண்ணா, என் ஸ்விஃப்ட் காரில் முன்பக்க ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டைக் கார் பாடியோடு பிடிக்கும் மேல் தாங்கி) போய்விட்டது. ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரசர் இல்லை, ஸ்பிரிங்கைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு நடு நட்டைக் கழற்றலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

வேண்டவே வேண்டாம் தம்பி. ஸ்ட்ரட் என்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். அதை இறக்கித் தரையில் வைத்தால் சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் ஸ்பிரிங் அப்போதும் உள்ளே அமுங்கித்தான் இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது மேலே இருக்கும் அந்த ஒரே நட்டு. அதைக் கழற்றினால் மவுண்ட், ஸ்பிரிங் உட்காரும் தட்டு எல்லாம் சேர்ந்து முகத்துக்கு வரும். கட்டுக்கம்பி அந்த வேகத்தைத் தாங்காது.

ஸ்பிரிங் கம்ப்ரசர் ஜோடியாகத்தான் வரும். இரண்டையும் ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் நேரெதிராக மாட்டுங்கள், ஒரே பக்கமாக நெருங்கியிருந்தால் அமுக்கும்போது ஸ்பிரிங் வில் மாதிரி வளைந்து கொக்கி நழுவும். கொக்கியில் பூட்டுப் பின் இருந்தால் கட்டாயம் போடுங்கள். மரையில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று கை ஸ்பேனரால் மாற்றி மாற்றி முறுக்குங்கள். பல பட்டறைகளில் இம்பாக்ட் கன் போடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை: அந்த வேகத்தில் மரை சூடாகித் தேய்ந்துவிடும், இரண்டு பக்கமும் சமமாக இறங்குகிறதா என்று பார்க்கவும் நேரம் இருக்காது.

எவ்வளவு அமுக்குவது? ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். தட்டை விட்டு விலகி லூசாக ஆடினால் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். ஆடாதவரை நடு நட்டைத் தொடாதீர்கள். ஆடிய பிறகும் ஸ்ட்ரட்டின் இரண்டு முனைகளுக்கும் நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஷாக்கின் நடு ராடு சுற்றாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள்.

அமுக்கிய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், புது மவுண்ட்டைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பியுங்கள். மாட்டும்போது ஸ்பிரிங்கின் நுனி கீழ்த் தட்டின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, நடு நட்டை முழுதாக முறுக்கிய பிறகே கம்ப்ரசரைத் தளர்த்த வேண்டும், அதுவும் மாற்றி மாற்றித்தான். அப்புறம் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.

பின்பக்கம் கதை வேறு. ஸ்விஃப்ட்டில் அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி, அச்சை ஜாக்கில் தாங்கி, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, மெதுவாக இறக்கினாலே ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.