மூன்று நாட்டுக்கு ஒரே அணை

வணக்கம். ஒரு அணை யாருக்குச் சொந்தம்? எந்த நாட்டு மண்ணில் நிற்கிறதோ அவர்களுக்கு என்போம். மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டுக்குள் நிற்கும் மனந்தாலி அணை அப்படியில்லை. மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றுக்கும் அது பொதுச் சொத்து, கட்ட வாங்கிய கடனும் பொதுக் கடன்.

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் என்ற வறண்ட பட்டையில் 1970களில் வந்த கொடிய வறட்சிதான் இவர்களை இப்படி ஒட்டவைத்தது. மூன்று நாடுகளுக்கும் பொதுவான செனகல் ஆறு வற்ற வற்ற, கடலின் உப்புநீர் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறிவந்தது. 1972இல் மூன்று நாடுகளும் ஓஎம்விஎஸ் என்ற ஆற்று அமைப்பைத் தொடங்கின. உப்பைத் தடுக்க 1986இல் முகத்துவாரத்தருகே தியாமா அணை, தண்ணீரைத் தேக்க 1988இல் மனந்தாலி. மின்சாரத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 என்று பிரித்துக்கொண்டார்கள். 1989இல் செனகலும் மொரிட்டானியாவும் அடித்துக்கொண்டு தூதரக உறவையே முறித்தபோதும் இந்த அமைப்பு கலையவில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

சரி, எல்லாம் சுபமா என்றால் இல்லை. தியாமாவில் உப்பு நின்றது, ஆனால் தேங்கிய நல்ல தண்ணீரில் சம்புக்கோரை மண்டியது, நத்தைகள் பெருகின, அவற்றின் வழியே பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழு நோயும் பரவியது.

அப்புறம் சோளம். அங்கே வெள்ளம் வடிந்த களிமண்ணில், ஈரம் காயுமுன் குழி போட்டுச் சோளம் ஊன்றுவார்கள், அதற்குப்பின் மழையே வேண்டாம், மண்ணின் ஈரத்திலேயே பயிர் விளைந்துவிடும். அணை வந்து வெள்ளத்தை நிறுத்தியதும் அந்த விவசாயம் தவித்தது. எனவே அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டார்கள், ஆனால் மின்சாரம் எடுக்கும் விசையாழிக்கோ வருஷம் முழுக்க ஒரே சீரான தண்ணீர் வேண்டும், ஒரேயடியாகத் திறந்துவிட்டால் மின்சாரக் கணக்கு இடிக்கிறது, இந்த இழுபறி தீர்ந்தபாடில்லை.

பருவம் தப்பும் இந்தக் காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனந்தாலி பிடிப்பது பாஃபிங் கிளையாற்றை மட்டும்தான். செனகல் ஆற்றின் மற்ற கிளைகளான பக்கோய், ஃபலெமே ஆறுகளின் வெள்ளம் அதற்குக் கட்டுப்படாது. 2024 அக்டோபரில் செனகலின் பாக்கெல் பகுதி மூழ்கியதை நினைத்துப்பாருங்கள். அதுமட்டுமா, ஆறு பிறக்கும் கினி நாடே 2006இல்தான் அமைப்பில் சேர்ந்தது! மலையில் எவ்வளவு மழை என்று முதலில் பார்ப்பவர்கள் 34 வருஷம் வெளியே இருக்க, கீழே தண்ணீரைப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

அணையை எப்போது, எவ்வளவு திறப்பது என்று பேச அவர்களிடம் நிரந்தர நீர் ஆணையம் ஒன்று இருக்கிறது. மழை குறைந்த வருஷத்தில் அந்த மேசையில் சோளமும் மின்சாரமும் எதிரெதிரே உட்காரும். மின்சாரம் பக்கம்தான் பெரும்பாலும் தராசு சாய்கிறது என்பது என் எண்ணம்.