போடிக்கு ரயில் வந்த கதை

எல்லோருக்கும் வணக்கம். போடி ரயிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டீர்கள். அந்தக் கதையை நம் ஸ்டேஷனிலிருந்து தொடங்கினால் பாதிதான் பிடிபடும். மேலே, மலையிலிருந்து தொடங்குகிறேன்.

மூணாறுக்குப் போகிறவர்கள் டாப் ஸ்டேஷனில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பெயரில் இருக்கிற 'ஸ்டேஷன்' நிஜமான ரயில் ஸ்டேஷன். மூணாறுத் தேயிலையைக் கொண்டுவர 1902-இல் அங்கே ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளை வைத்து இழுத்தார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டுக் குறுகிய பாதை போட்டு எஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலை ரோப்வேயில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம், கொட்டகுடிக்கு வந்து சேரும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி.

1924-இல் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் அந்தப் பக்கத்தில் இன்னமும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றுதான் சொல்கிறார்கள். மலை ரயிலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மறுபடி யாரும் கட்டவில்லை.

மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் பாதை போடிக்கு வந்தது 1928-இல். அதாவது, கீழே ரயில் வந்தபோது மேலே ரயில் இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரு நாள்கூட ஓடியதில்லை. நாலே வருட இடைவெளி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

வந்த ரயிலாவது நிலைத்ததா? பதினாலு வருடம்தான். 1942-இல், உலகப் போருக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் சுதந்திரம் வந்து, 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். நான் ஏறிப் போனது அந்த இரண்டாவது பாதையில்.

உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். அம்மா முந்தானையால் என் கண்ணைப் பொத்துவார், கரித்தூள் விழுந்துவிடும் என்று. விரல் இடுக்கு வழியாகப் பாறைச் சுவர் கையெட்டும் தூரத்தில் நகர்வது தெரியும். எதிர் சீட்டில் ஏலக்காய் வியாபாரி ஒருவர் துணிப்பையைத் திறந்து, ஒரு பிடி காயை உள்ளங்கையில் பரப்பி, பெரியது சிறியது பார்த்துக்கொண்டே வருவார். இறங்கும் வரை அந்தப் பெட்டி முழுக்க அந்த வாசம்தான்.

2010 டிசம்பர் கடைசியில் அதுவும் நின்றது. அகலப் பாதையாக மாற்றப் போகிறோம் என்றார்கள். ஒரு மீட்டர் பாதையை 1,676 மில்லிமீட்டர் பாதையாக்கும் வேலை. கணவாயில் பாறையை வெட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தது, பாலங்களையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. வேலை கடினம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். கடைசி 15 கிலோமீட்டரைக் கடந்து போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டு வருடத்துக்கு மேல்! நம் ஊரில் ரயிலையே பார்க்காமல் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடித்திருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. ஏலக்காய் ஏல மையம் இருக்கிற ஊர், விடியுமுன் ஜீப் ஜீப்பாக மலைத்தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்புகிற ஊர். அத்தனை வருடம் பஸ்ஸை நம்பியே கிடந்தது.

இப்போது சென்னைக்கே நேராக வண்டி இருக்கிறது. அது கிளம்புகிற நேரத்தில் பிளாட்பாரத்துக்குப் போய்ப் பாருங்கள், வழியனுப்ப வருகிற கூட்டமே தனி.

ரயில் வந்த நாட்களைப் பற்றி ஏடுகளில் இருக்கிறது. நின்றுபோன நாட்களைப் பற்றித்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. 1942-இல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்ததைக் கண்ணால் பார்த்த தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நாளைக்கே நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள், தள்ளிப்போட முடியாது.