மிளகுக்கு அடிபட்ட இரவும் 140 ரூபாய்க் கூடைகளும்

வணக்கம். இந்த வாரம் வாழைப்பூ வடை செய்து காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம்தான் வரும். காரணம் இதோ என் மடியில் படுத்திருக்கிறது. என் சமையல் காணொளிகளில் ஃபிரிட்ஜின் மேல் அமர்ந்து என்னை மேற்பார்வை பார்க்கும் என் பூனை மிளகை உங்களுக்குத் தெரியும். அவளுக்கு வயது 16. எடை 3 கிலோ 100 கிராம். கீழ்வரிசையில் பாதிப் பற்கள் இல்லை. இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறும் உண்டு. மனிதக் கணக்கில் எண்பது வயதுப் பாட்டி. அந்தப் பாட்டியைத்தான் சென்ற ஞாயிறு இரவு எங்கள் தெருவின் வெள்ளைக் கடுவன் மதில் மேல் வைத்துக் கடித்துக் கீழே தள்ளிவிட்டது.

கொல்லைக் கதவைத் தாழிடப் போனபோது மணி 10:40. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. மிளகு முழுக் கறுப்பு என்பதால் ரத்தம் பார்வைக்குத் தெரியவில்லை; கையை வைத்த பிறகுதான் தொடை பிசுபிசுத்தது. அங்கேதான் முதல் தவறைச் செய்தேன். பதினாறு வருடம் என் கையில் வளர்ந்தவள் என்னை என்ன செய்துவிடப் போகிறாள் என்று வெறுங்கையால் தூக்கப் போனேன். மணிக்கட்டில் மூன்று கோடு போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வலியிலும் பயத்திலும் இருக்கிற பூனை யார் கை என்று பார்ப்பதில்லை. பிறகு ஒரு பெரிய துவாலையைத் தலையோடு சேர்த்து மேலே போர்த்தி, அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்கி வந்தேன்.

எங்கள் மருத்துவர் நல்லவேளையாகத் தொலைபேசியை எடுத்தார். காலை 9 மணிக்குக் கொண்டுவரச் சொன்னவர், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, பின்னங்கால்கள் இழுபட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே மறுபடி அழைக்க வேண்டும் என்றும் சொன்னார். தஞ்சாவூரில் அந்நேரத்தில் திறந்திருக்கும் வேறு இடம் எனக்குத் தெரியாது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அது 20 கிலோமீட்டருக்கும் மேல். ஆக, ஏறத்தாழ பத்து மணி நேரம் அவளும் நானும்தான்.

முதல் வேலை ரத்தம். பஞ்சை வைக்கவே கூடாது. புண்ணில் ஒட்டிக்கொண்டு பிரியும்போது உறைந்ததையும் பிய்த்துக்கொண்டு வரும். துவைத்து வைத்திருந்த பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் அழுத்தினேன். நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. நின்றுவிட்டது. கால் விந்தியது, ஆனால் குச்சி வைத்துக் கட்டும் வேலையில் நான் இறங்கவில்லை. எலும்பு முறிந்திருந்தால் நாம் கட்டும் கட்டு அதை இன்னும் விலக்கிவிடும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஈறைப் பார்த்தேன். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் ஒருமுறை அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். மிளகுக்கு ஈறிலும் கறுப்புத் திட்டுகள் என்பதால், மேல் கோரைப்பல்லுக்கு அருகே கடுகளவு ரோஜா நிற இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிவந்தது. மூச்சு நிமிடத்துக்கு 44. ஓய்வில் 20 முதல் 30 வரை இருக்க வேண்டும். விளக்கை அணைத்து, கொத்துமல்லி மூட்டை இருந்த சிறிய அறையை ஒழித்து, அங்கே படுக்க வைத்தேன். அரை மணியில் 32-க்கு இறங்கியது. அவள் மூச்சு விடுவதையும், விந்தி இரண்டு அடி வைத்ததையும் கைப்பேசியில் படம் பிடித்தேன். மருத்துவர் மேசையில் பூனைகள் உறைந்துபோய் எதுவும் நடக்காததைப் போல உட்கார்ந்துகொள்ளும் என்பதால், மறுநாள் அந்த 40 விநாடிப் படம்தான் உதவியது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். 11 மணிக்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா காப்பிப் பொடியோடு வந்து நின்றார்கள், புண்ணில் அப்புவதற்கு. என் காப்பிப் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன், காப்பிப் பொடிக்கு டிகாக்‌ஷனைத் தவிர வேறு வேலை கொடுக்காதீர்கள். பூனை உடம்பில் எதைத் தடவினாலும் அது ஐந்து நிமிடத்தில் வயிற்றுக்குள் போய்விடும், ஏனென்றால் அது நக்கும். காப்பியில் உள்ள கஃபீன் பூனைக்கு விஷம். தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிக்கும் இதே கதைதான். அந்த அக்கா மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் இரவு 12 மணிவரை என்னோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு நடுக்கம் வந்தது என் சித்தி மகன் தொலைபேசியில் சொன்ன யோசனையைக் கேட்டுத்தான்: “சின்ன உடம்புதானே, பாராசிட்டமால் அரை மாத்திரை கொடு.” நம் கல்லீரல் அந்த மருந்தை எளிதாக மாற்றி வெளியேற்றுகிறது, பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி மிகக் குறைவு. தேங்கும் நச்சு ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஆக்குகிறது. ஈறு பழுப்பாகிறது, முகமும் பாதங்களும் வீங்குகின்றன. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இபுபுரூஃபனும் ஆகாது, அதிலும் சிறுநீரகம் தளர்ந்த கிழப் பூனைக்கு. இன்னொன்று, தொட்டால் சுடுகிறது என்று நான் சொன்னதும், அது காய்ச்சல் என்றான் அவன். பூனையின் இயல்பான சூடே நம்மைவிட அதிகம், 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு புண்ணைச் சுற்றியிருந்த மண்ணை மட்டும் கழுவினேன். காதுமடல் குளிர்ந்திருந்ததால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக மட்டும் வைத்தேன். சுட்டால் அவள் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். தையலுக்கு மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் உணவு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், வாயில் ஊற்றவில்லை. புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு விடிய விடிய ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன்: உயரத்திலிருந்து விழுந்த பூனைக்குச் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அதிகாலை 4:10-க்கு மணல் தட்டில் ஏறி, தாராளமாக, ரத்தமில்லாமல் சிறுநீர் போனாள். என் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குக்கூட நான் அவ்வளவு மகிழவில்லை.

சரி, அந்தப் பெட்டி. ஆறு மாதத்துக்கு முன் நான் பெருமையாகப் பிரித்துக் காட்டிய 1,850 ரூபாய்ப் பூனைப் பெட்டி நினைவிருக்கிறதா? அதற்கு ஒரே கதவு, அதுவும் முன்பக்கம். விந்துகிற பூனையை அந்தச் சின்னக் கதவு வழியாகத் தள்ளுவது உறைக்குள் தலையணையைத் திணிப்பதைப் போன்றது, அந்தத் தலையணைக்கு நகமும் இருந்தால். மேல்பாதியைக் கழற்றலாம் என்று பார்த்தால், எட்டுத் தாழ்ப்பாள்களில் இரண்டு இறுகிவிட்டன. கத்தியால் நெம்பினேன், ஒன்று தெறித்து அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. கடைசியில் காமராஜ் மார்க்கெட்டில் தக்காளிக்காக வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை எடுத்தேன். இரண்டும் சேர்த்து 140 ரூபாய். ஒன்றில் மெத்தையும் துவாலையும் விரித்து அவளை மேலிருந்து அப்படியே இறக்கி, மற்றதை மேலே கவிழ்த்து, நான்கு பக்கமும் நைலான் கயிற்றால் கட்டினேன். காற்று வரும், கண்ணுக்குத் தெரியும், மேலே துணி போட்டால் இருட்டு. மருத்துவமனையில் மேல்கூடையைத் தூக்கினார்கள். அவள் கீழ்க்கூடையில் படுத்தபடியே பாதிப் பரிசோதனை முடிந்தது. “யாருடைய யோசனை?” என்று உதவியாளர் கேட்டார். என்னுடையது என்று இரண்டு முறை சொன்னேன்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் தொடையில் முடியை மழித்ததும், நான் பார்த்த கிழிசலுக்குக் கீழே மிளகுமணி அளவில் இரண்டு துளைகள் தெரிந்தன. ரத்தம் நின்றுவிட்டதென்று வீட்டிலேயே இருந்திருந்தால் அவைதான் என்னைக் கவிழ்த்திருக்கும்: கோரைப்பல் ஆழத்தில் கிருமியை இறக்கிவிட, மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, இரண்டு மூன்று நாளில் உள்ளே சீழ் கட்டிவிடும். ஐந்து தையல், நோய்க்கிருமிக்கு ஊசி, சிறுநீரகத்தைப் பார்த்துத் தேர்ந்த வலிமருந்து, தெருப்பூனை கடித்ததால் வெறிநாய்த் தடுப்பூசியும். மொத்தம் 2,400 ரூபாய். பெட்டிக்குக் கொடுத்ததை நினைத்தால் இது வலிக்கவில்லை.

அட, என் மணிக்கட்டை விட்டுவிட்டேன். கிழித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். நான் மிளகைப் படுக்க வைத்த பிறகுதான் கழுவினேன், அது தவறு. மறுநாளே அரசு மருத்துவமனையில் இலவசமாக முதல் வெறிநாய்த் தடுப்பூசி. அடுத்தவை 3, 7, 28-ஆம் நாட்களில். மூன்றாம் நாள் ஊசியும் போட்டாகிவிட்டது.

இன்று ஐந்தாம் நாள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பை அவள் அடியோடு வெறுக்கிறாள். சுவரில் இடித்து இடித்து நடக்கிறாள். தையல் பிரிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும். தக்காளிக் கூடையை விட்டு வேறெங்கும் தூங்க மறுக்கிறாள் என்பதால், தக்காளி இப்போது 1,850 ரூபாய்ப் பெட்டியில் இருக்கிறது. மணி எட்டு. அவளுக்கு மருந்து கொடுக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும், கேமராவை அணைக்கிறேன்.