ரீட் கணக்கில் வருமான வரி எங்கே போகிறது?

வணக்கம்.

ஒரு ரீட்டின் ஆண்டறிக்கையை எடுத்து, இலாபநட்டக் கூற்றின் அடிப்பக்கத்துக்குப் போங்கள். ‘வருமான வரிச் செலவு’ என்று போட்டிருக்கும் இடத்துக்கு நேரே பெரும்பாலும் ஒரு சிறு கோடு, இல்லையென்றால் மிகச் சின்னத் தொகை. அதே போல வாடகைக் கட்டடம் வைத்திருக்கும் சாதாரணக் கம்பனியின் அறிக்கையில் அந்த இடத்தில் பெரிய தொகை நிற்கும். அப்படியானால் ரீட் என்பது வரி கட்டாத கம்பனியா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரவேண்டாம். வரி இருக்கிறது. யார் தலையில், எந்த வருடத்தில் விழுகிறது என்பதுதான் மாறுகிறது. இன்று அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போவோம்.

(திரையில்: ரீட் – ரியல் எஸ்டேட் இன்வெஸ்ட்மென்ட் ட்ரஸ்ட்)

பலரிடம் காசு சேர்த்துக் கட்டடம் வாங்கி, வாடகை எடுத்து, அந்த வாடகையைக் காசு போட்டவர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் அமைப்பு ரீட். அமெரிக்கா 1960இல் இதற்குச் சட்டம் செய்தது. சிங்கப்பூர், பிரித்தானியா, இந்தியா எல்லாம் பிறகு வந்தன. இலங்கையில் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு 2020இல் ரீட்டுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. இங்கே அது ஒரு வகை யூனிட் ட்ரஸ்ட், அதாவது பலர் போட்ட காசை ‘யூனிட்’ என்ற பங்குகளாகப் பிரித்து வைத்திருக்கும் நிதியம்.

எல்லா நாட்டிலும் பேரம் ஏறத்தாழ ஒன்றுதான். ‘வருமானத்தில் 90 சதவீதத்தையாவது பிரித்துக் கொடு, உன்னிடம் வரி கேட்க மாட்டேன், அந்தப் பங்கீட்டை வாங்குபவரிடம் கேட்டுக்கொள்கிறேன்’ என்கிறது அரசு. அமெரிக்கச் சட்டம் இதைச் செய்யும் விதம் சுவாரசியமானது. அங்கே ரீட்டும் ஒரு கம்பனியாகத்தான் வரிக்கணக்கு போடுகிறது, 21 சதவீத வீதம் அதற்கும் உண்டு. ஆனால் கொடுத்த பங்கிலாபத்தை, சம்பளம், கரண்ட் பில் போல ஒரு செலவாகக் கழித்துக்கொள்ளலாம். முழுவதையும் கொடுத்துவிட்டால் மிச்சம் பூச்சியம். பூச்சியத்தின் 21 சதவீதமும் பூச்சியம்தான்.

சரி, இலக்கத்துக்கு வருவோம். இலக்கம் இல்லாமல் இந்த விஷயம் பிடிபடாது.

(திரையில்: கொள்ளுப்பிட்டி, காலி வீதி. ஐந்து மாடி. கற்பனைக் கட்டடம்.)

கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடம். வருடத் தொடக்கத்தில் 1,000 மில்லியன் ரூபாவுக்கு வாங்கியது. காணி 600, கட்டடம் 400. வருட வாடகை 100 மில்லியன். பராமரிப்பு, காவல், வட்டி எல்லாம் சேர்த்து 40. கையில் காசாக நிற்பது 60. வருட முடிவில் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, இது இப்போது 1,090 பெறும் என்கிறார். ஏற்றம் 90.

முதலில் இதை ஒரு சாதாரணக் கம்பனி வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். முதலீட்டுச் சொத்துக்கான நியமம் எல்.கே.ஏ.எஸ். 40 (எல்.கே.ஏ.எஸ். என்பது சர்வதேச நியமத்தைப் பின்பற்றும் இலங்கைக் கணக்கீட்டு நியமம்). நியாயப் பெறுமதி முறையை, அதாவது சொத்தை அன்றைய சந்தை விலையில் காட்டும் முறையைத் தெரிவு செய்திருந்தால் பெறுமானத் தேய்வு போடுவதில்லை, ஏற்றம் நேரே இலாபத்துக்குப் போய்விடும். ஆகவே கணக்கு இலாபம் 60 கூட்டல் 90, அதாவது 150.

இனி வரிக்கணக்கு. இறைவரித் திணைக்களத்துக்கு மதிப்பீட்டாளரின் கடிதத்தில் அக்கறை இல்லை. விற்றாயா? இல்லை. அப்படியானால் 90 இலாபம் அல்ல, எடுத்துவிடு. மறுபக்கம், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் கட்டடத்தின் விலையை 20 வருடத்தில் சமமாகக் கழிக்க விடுகிறது. 400ஐ 20ஆல் பிரித்தால் வருடத்துக்கு 20. காணிக்கு எதுவும் கிடையாது. ஆக, 150 கழித்தல் 90 கழித்தல் 20. வரிக்குரிய வருமானம் 40. கம்பனி வரி 30 சதவீதம், தொகை 12 மில்லியன்.

(திரையில்: 12 ÷ 150 = 8 சதவீதம்)

150 மில்லியன் இலாபத்துக்கு 12 மில்லியன் வரி. சட்டம் 30 சதவீதம் என்கிறது, கணக்கில் 8 சதவீதம்தான் தெரிகிறது. மிச்சம் எங்கே? இந்தக் கேள்விக்குத்தான் வருமான வரிக்கான நியமம் எல்.கே.ஏ.எஸ். 12 இருக்கிறது.

கட்டடம் புத்தகத்தில் 1,090. இறைவரித் திணைக்களத்தின் பார்வையில் அது 980தான், ஏனென்றால் 20ஐ ஏற்கெனவே கழித்தாகிவிட்டது. இடைவெளி 110. நாளைக்கே 1,090க்கு விற்றால் இந்த 110க்கும் வரி கட்ட வேண்டும். 110இன் 30 சதவீதம் 33. இதுதான் பிற்போடப்பட்ட வரி. இன்று காசு போகவில்லை, ஆனால் பொறுப்பு இன்றே பதிவாகிறது. 12உம் 33உம் 45. 150இன் 30 சதவீதமும் 45. கணக்கு நேராகிவிட்டது. ஆண்டறிக்கையில் வரிக் குறிப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்தக் கூட்டலை ஒரு தடவை கையால் போட்டுப் பார்க்கலாம். அங்கே இருப்பது பெரும்பாலும் இதே கூட்டலின் நீட்டம்தான்.

இப்போது அதே கட்டடத்தை, தான் வரி கட்டாமல் வருமானத்தை முதலீட்டாளரிடம் கைமாற்றிவிடும் ரீட்டிடம் கொடுப்போம். வாடகை அதே 100, செலவு அதே 40, ஏற்றம் அதே 90. நடப்பு வரி இல்லை, பிற்போடப்பட்ட வரியும் இல்லை. வரிக்குப் பின்னான இலாபம் 150. கம்பனியில் 105. செங்கல்லும் வாடகைக்காரரும் மாறவில்லை, இலாபம் மட்டும் 45 மில்லியன் கூடிவிட்டது. இதனால்தான் ரீட்டையும் கட்டடக் கம்பனியையும் பக்கத்தில் வைத்து ‘பங்கொன்றுக்கான உழைப்பு’ பார்ப்பது எனக்கு அறவே பிடிக்காத ஒப்பீடு. கம்பனியில் வரியைக் கழித்துவிட்டுத்தான் உங்களுக்குக் காட்டுகிறார்கள். ரீட்டில் அந்த வேலை உங்கள் சொந்த வரிப் படிவத்தில் நடக்கிறது.

இன்னொரு பொறி இங்கே இருக்கிறது. 90 சதவீதம் கொடு என்றால் எதில் 90? 150இல் என்றால் 135 கொடுக்க வேண்டும். கையில் காசு 60தான். மதிப்பீட்டாளரின் கடிதத்தை வங்கியில் மாற்ற முடியாது. ஆகவே பங்கிடும் தொகையைக் கணிக்கும்போது காசாகாத ஏற்றத்தை வெளியே வைப்பார்கள். அமெரிக்காவில் அளவுகோல் வரிக்குரிய வருமானம், அதிலும் மூலதன ஆதாயம், அதாவது சொத்தை விற்று வரும் இலாபம், சேராது. இந்தியாவில் பங்கிடக்கூடிய நிகரக் காசு ஓட்டம். நம் உதாரணத்தை அமெரிக்க விதியில் போட்டால் 40இன் 90 சதவீதம், 36 கொடுத்தால் போதும். மிச்சம் வைத்த 4க்கு மட்டும் வரி. காசு 60 இருப்பதால் 40க்கு மேலும் கொடுக்கலாம். அப்படி வருமானத்துக்கு மேலே கொடுப்பது போட்ட முதல் திரும்பி வருவதாகவே கணக்காகும். கிடைத்ததெல்லாம் இலாபம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பேரத்தை மீறினால் அமெரிக்காவில் அடி பலமாக விழும். உரிய காலத்தில் போதிய அளவு கொடுக்காத தொகைக்கு 4 சதவீதத் தனி வரி. வாடகைக்கு வைக்காமல், வியாபாரி போல வாங்கி விற்று இலாபம் பார்த்தால் அந்த இலாபத்துக்கு 100 சதவீத வரி. எழுத்துப் பிழையல்ல, முழுவதும் போய்விடும்.

அப்புறம், இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பரீட்சைக்குப் படிப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

(திரையில்: மார்ச் 31 – கணக்கு முடிவு. மே – பங்கீடு அறிவிப்பு.)

அமெரிக்கக் கணக்கியலில் ரீட் சொல்வது இதுதான்: ‘நான் எப்படியும் பிரித்துக் கொடுக்கப்போகிறேன், என் வரி வீதம் பூச்சியம், அதனால் பிற்போடப்பட்ட வரியும் பூச்சியம்.’ இதை ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் பின்பற்றும் சர்வதேச நியமம் அவ்வளவு இலகுவாக விடாது. கொடுத்தால் ஒரு வீதம், கொடுக்காவிட்டால் ஒரு வீதம் என்று சட்டம் இருந்தால், கொடுக்காததற்கான வீதத்தில் அள என்கிறது எல்.கே.ஏ.எஸ். 12இன் 52ஏ பந்தி. பங்கிலாபம் கொடுக்கும் பொறுப்பு பதிவாகும்போதுதான் அதனால் வரும் வரி மாற்றத்தைப் பதி என்கிறது 57ஏ.

கொடுத்ததைக் கழிக்க விடும் ஒரு சட்டம் இங்கே இருப்பதாக வைத்துக்கொண்டு, நம் 40க்கு இதைப் போட்டுப் பாருங்கள். மார்ச் 31இல் பங்கீடு அறிவிக்கவில்லை. 30 சதவீதம், 12 மில்லியன் வரி பதிவாகிறது. மே மாதம் 36 அறிவிக்கிறார்கள். 36இன் 30 சதவீதமான 10.8ஐத் திருப்பி எழுதுகிறார்கள். வருடா வருடம் ஒரு கையால் வரியை வைத்து மறு கையால் எடுப்பதுதான் வேலை. அமெரிக்க வரிச் சட்டம் இந்தக் காலச் சிக்கலுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒக்டோபர், நவம்பர், டிசம்பரில் அறிவித்து ஜனவரியில் கொடுத்தாலும் டிசம்பர் 31இல் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளும்.

இதிலிருந்து தப்ப கணக்காளர்களிடம் இரண்டு வாதங்கள் உண்டு. விலக்கு பங்கீட்டைப் பொறுத்ததல்ல, அந்தஸ்தைப் பொறுத்தது என்பது ஒன்று. பிரித்தானிய ரீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் 2007இலிருந்து அங்கே வாடகைத் தொழிலே வரி விலக்குப் பெற்றது. பங்கிட வேண்டும் என்று நம்பிக்கைப் பத்திரமே (ட்ரஸ்டை உருவாக்கிய ஆவணம்) கட்டாயப்படுத்துவதால் மார்ச் 31இலேயே பொறுப்பு வந்துவிட்டது என்பது மற்றது. இரண்டாவதை அளவுக்கு மீறி இழுத்தால் யூனிட்டே மூலதனமா கடனா என்ற அடுத்த சண்டை தொடங்கும், அதற்குள் இன்று போகவில்லை. இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் யூனிட் ட்ரஸ்டுகளை இரண்டாகப் பிரிக்கிறது. தகுதியுள்ள முதலீட்டு வணிகம் செய்பவை வருமானத்தைக் கைமாற்றிவிடும் ட்ரஸ்டாகவும், மற்றவை கம்பனி போலவும் நடத்தப்படும். கையில் இருக்கும் அறிக்கை எந்தப் பக்கம் என்பதை வரிக் குறிப்பின் முதல் பந்தியிலேயே தேடுங்கள்.

வீதம் பற்றி ஒரு உள்ளூர்க் கதை. 2018 ஏப்ரலுக்கு முன் பல வருடங்களாக நம் நாட்டில் மூலதன ஆதாய வரி இருக்கவில்லை. காணியின் பெறுமதி எவ்வளவு ஏறினாலும் பிற்போடப்பட்ட வரி பற்றி யாரும் கவலைப்படவில்லை. புதிய சட்டம் முதலீட்டுச் சொத்தின் ஆதாயத்துக்கு 10 சதவீதம் போட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 2017 செப்டெம்பர் 30 அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்கவிலை என்றது. 2022 ஒக்டோபரில் கம்பனிகளுக்கு அது 30 ஆனது. முதலீட்டுக் காணியில் 300 மில்லியன் ஏற்றம் வைத்திருந்த கம்பனியின் பொறுப்பு 30 மில்லியனிலிருந்து 90க்குத் தாவும். ஒரு சதுர அடியும் விற்காமல், வாடகையில் ஒரு சதமும் குறையாமல், அந்த வருட இலாபத்தில் 60 மில்லியன் பள்ளம்.

அறிவிப்பும் சட்டமும் ஒன்றல்ல என்பதையும் அந்தக் காலம்தான் நமக்குக் காட்டியது. கம்பனி வரி 28இலிருந்து 24 ஆகும் என்று 2020 ஜனவரியிலிருந்தே சொன்னார்கள். சட்டமாகக் கையொப்பமானது 2021 மே மாதத்தில். இடையில் 2020 மார்ச் 31 கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. சட்டமாகிய, அல்லது சாராம்சத்தில் சட்டமாகிவிட்ட வீதத்தைத்தான் பயன்படுத்தலாம் என்பது நியமம். பேச்சை நம்பி 24 போட முடியாது. ரீட்டுக்கும் இதே கதைதான். 2021 வரவு செலவுத் திட்ட உரையில் ரீட் முதலீட்டுக்கு வரிச் சலுகைகள் சொல்லப்பட்டன. உரையில் கேட்டதை வைத்து யூனிட் வாங்கவும் வேண்டாம், கணக்கு எழுதவும் வேண்டாம். இன்று நடைமுறையில் இருக்கும் திருத்தச் சட்டத்தைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, கோடு போட்டிருந்த அந்த இடத்தில் சில ரீட்டுகளில் மட்டும் தொகை தெரிவது ஏன்? கட்டடத்தை ரீட் நேரடியாக வைத்திருக்காமல், தனக்குக் கீழே ஒரு கம்பனியில் வைத்திருக்கும். இந்தியாவில் பெரும்பாலும் இப்படித்தான். அந்தக் கம்பனி வரி கட்டும் கம்பனி, நாம் போட்ட 12உம் 33உம் அங்கே அப்படியே வரும், ரீட்டையும் கீழ்க் கம்பனிகளையும் சேர்த்துப் போடும் ஒன்றிணைந்த கணக்கில் மேலே ஏறும். அமெரிக்காவில் ஹோட்டல் வைத்திருக்கும் ரீட் அதைத் தானே நடத்த முடியாது. வரி கட்டும் துணைக் கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டு, அந்தக் கம்பனி வெளியாரைக் கொண்டு நடத்தும். குத்தகையை வேண்டுமென்றே ஏற்றி, துணைக் கம்பனியின் இலாபத்தை ரீட்டுக்கு உறிஞ்சிக்கொள்ளலாமா என்று யாராவது யோசித்தால், சந்தை வாடகைக்கு மேற்பட்ட பகுதிக்கும் அதே 100 சதவீதம்தான்.

வரிக் குறிப்பில் இப்படியான தொகை கண்டால், அது தாய் ரீட்டின் வரியா, கீழ்க் கம்பனியின் வரியா என்று பிரித்துக் கேளுங்கள். கீழ்க் கம்பனியினது என்றால், உங்கள் கைக்கு வரும் பங்கீடு ஏற்கெனவே ஒரு தடவை வரி கழிந்த காசு.